புருவத்துக்கு நடுவே

அம்மாவின் தலையை இடது கையில் தாங்கி, மூன்றாவது ஸ்பூன் தண்ணீரை உதட்டருகே கொண்டுபோனபோது வாசல் மணி அடித்தது. மகள் தலையை மெல்லத் தலையணையில் இறக்கிவிட்டுப் போய்த் திறந்தாள். உளவியலாளர் நின்றிருந்தார். கையில் தம்பியின் கோப்பு.

"இன்னிக்கு வந்திருக்கக் கூடாதுதான்," என்றார் தணிந்த குரலில். "ஆனா அவரோட அஞ்சு வயசுக்கு முந்தின கதை வேணும். அது அம்மாவுக்கு மட்டும்தானே தெரியும்?"

"இன்னிக்கோ நாளைக்கோன்னு டாக்டர் சொல்லிட்டுப் போயிருக்காரு மேடம். இப்பப் போயி..."

"கேக்கட்டும் விடு," என்றாள் உள்ளேயிருந்து அம்மா.

தம்பிக்கு முப்பத்தெட்டு வயது. தபால் அலுவலகத்தின் பின்னறையில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கிறான். புது மேலாளர் அவனை முன்பக்கக் கவுன்ட்டரில் உட்காரவைத்தார். வரிசையில் நின்றவர்களின் இரைச்சல் தாங்காமல் அன்றே எழுந்து வீட்டுக்கு நடந்து வந்துவிட்டான். இப்போதைக்குப் பின்னறைக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஆட்டிசம் என்று எழுத்தில் இருந்தால் பின்னறை அவனுக்கு நிலைக்கும். இல்லாவிட்டால் வேலையே போகும். அதற்காக மருத்துவமனைக்குப் போனால் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். "கண்ணப் பாத்துப் பேசறாரு, வேலைக்குப் போறாரு. அதெல்லாம் ஒண்ணுமில்ல." மகளுக்கு அதில் ரகசியமாக ஒரு திருப்திகூட இருந்தது. அம்மா செல்லம் கொடுத்துக் கெடுத்த பிள்ளை என்று அவள் சிறுவயதிலிருந்தே முடிவு கட்டியிருந்தாள்.

இந்த உளவியலாளர் தம்பியைத் தன் அறைக்குக் கூப்பிடவில்லை. அவரே தபால் அலுவலகத்துக்குப் போய், இரண்டு நாள் பின்னறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மதியம் அவன் பேசாமல் சாப்பிட்டபோது அவரும் பேசாமல் சாப்பிட்டார்.

இப்போது கட்டிலருகே அமர்ந்து படிவத்தைப் பிரித்தார். "சின்ன வயசுல மத்த குழந்தைங்களோட சேருவாராம்மா?"

அம்மா யோசித்தாள். "சேரணும்னா என்ன? நாலு பேரு விளையாடுற எடத்துல சுவரோரமா நிப்பான். அன்னிக்கு நல்லாத் தூங்குவான். நிக்க விடலன்னா தூங்க மாட்டான். அது சேர்ந்ததா, சேரலயா?"

உளவியலாளர் படிவத்தை மூடினார். "இது ஊருக்கெல்லாம் பொதுவா எழுதின கேள்வி. நீங்க உங்க பையனச் சொல்லுங்க. எவ்வளவு நேரமானாலும் சரி."

மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொன்னாள். சட்டைக் காலரில் தைத்திருக்கும் துணிச்சீட்டுப் பட்டால் அழுவான். வாங்கிய ஒவ்வொரு சட்டையிலும் அதைப் பிரித்தெடுத்தாள். விசில் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் ஓடுவான். பதினோரு வருஷம் குக்கரை எடுக்கவில்லை.

"ரிப்பேர்னு சொன்னியேம்மா," என்றாள் மகள். சோறு வேக நேரமாகிறது என்று பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் எத்தனை சண்டை.

"ரிப்பேர்தான்." அம்மாவின் உதட்டோரம் லேசாகச் சுழித்தது. பிறகு உளவியலாளரிடம் சொன்னாள்: "கண்ணப் பாத்தா அவனுக்குச் சுடும். பாக்கலன்னா வாத்தியார் அடிக்கறாரு. அதான் புருவத்துக்கு நடுவுல பாருன்னு பழக்கினேன். கண்ணாடி முன்னால, தெனம் பத்து நிமிஷம். பழக ரெண்டு வருஷமாச்சு."

பேனா நின்றது. "எனக்கு அவர் பார்வை ஒரு நூல் தள்ளிப் படுதேன்னு தோணிட்டே இருந்தது," என்றார் உளவியலாளர். "இதெல்லாம் உங்களுக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"அவன்தான். வேற யாரு? பாத்துக்கிட்டே இருந்தாத் தெரியாதா?"

மகள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அதே வீடு, அதே நாலு சுவர். இருபது வருஷம் அவளும் இங்கேதான் சாப்பிட்டாள், தூங்கினாள். ஒரு மலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மலையென்று தெரியாமலே அதன்மேல் துணி உலர்த்தியிருக்கிறாள்.

"ஏம்மா எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"யாரு கேட்டா?"

உளவியலாளர் கிளம்பும்போது அம்மாவைக் குனிந்து கும்பிட்டார். அம்மா தூங்கிப்போயிருந்தாள்.

மதியம் மூன்று மணியிருக்கும். மகள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த அறையிலிருந்து தம்பி வந்தான்.

"அக்கா, மூச்சுக்கு நடுவுல இடைவெளி ரெண்டு மடங்காயிடுச்சு. கிட்ட வா."

அவள் நெருங்கினாள். இன்னும் ஏழு மூச்சு. எட்டாவதற்குக் காத்திருந்தார்கள்.

உறவினர்கள் வரத் தொடங்கினார்கள். சித்தப்பா அவள் காதருகே வந்து சொன்னார்: "பெத்தவ போயிட்டா, இவனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரலையே. கல்லுளிமங்கன்."

"சித்தப்பா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. எல்லாரையும் முன் ஹாலுக்குக் கூட்டிட்டுப் போங்க. அவன் இங்க இருக்கட்டும்."

அவர் முறைத்தார். ஆனாலும் போனார்.

பத்தொன்பது நாள் கழித்து அறிக்கை வந்தது. பதினான்கு பக்கம், அதில் ஒன்பது அம்மா சொன்னது. தம்பிக்குப் பின்னறை நிலைத்தது. அதெல்லாம் பிறகு.

அன்று அவள் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது, தம்பி கட்டிலோரம் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்து, தன் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அம்மாவின் கையோடு ஒட்டி வைத்திருந்தான்.

"இன்னும் சூடு இருக்கு," என்றான்.

அவள் கட்டிலைச் சுற்றி மறுபக்கம் போனாள். வளையல்களைக் கழற்றி ஜன்னலில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, அவளும் கையை நீட்டினாள்.