வாந்தி எடுக்காதவர்கள்

வருஷக்கணக்கில் வார்டில் ஊசி போட்டு, கட்டுப் பிரித்து, டாக்டர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு அந்த நர்ஸுக்கு மேலே படிக்கலாம் என்று தோன்றியது. பொது சுகாதாரத்தில் முதுகலை. இரண்டு கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். ஒன்றில் மருத்துவமனை நிர்வாகம்; கேட்டதுமே இடம் கொடுத்துவிட்டார்கள். மற்றதில் நோய்ப் பரவலியல், அதாவது ஒரு நோய் எங்கே கிளம்பி யார் யாரைப் பிடிக்கிறது என்று துப்புத் துலக்கும் படிப்பு. அதற்கு நேர்காணல் பாக்கி.

வீட்டில் நாத்தனார் தீர்ப்பே சொல்லிவிட்டாள். "நிர்வாகமே படிங்க அண்ணி. ஏசி ரூம், சுத்துற நாற்காலி. இன்னொண்ணு படிச்சா ஊர் ஊரா சாக்கடைய மோந்துகிட்டுத் திரியணும்."

நர்ஸின் மனசும் நாற்காலிப் பக்கமே சாய்ந்திருந்தது. கூப்பிட்டவர்களுக்கு மரியாதைக்காகத்தான் நேர்காணலுக்குப் போனாள்.

துறையில் ஈ காக்கை இல்லை. "எல்லாரும் லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்காங்கம்மா. பிள்ளைங்களுக்கு வாந்தி பேதி," என்றார் காவலாளி.

நேர்காணல் நடத்த வேண்டிய பேராசிரியை இவளைவிடச் சின்னவள். வியர்க்க விறுவிறுக்க விடுதிப் படியேறிக்கொண்டிருந்தாள். "நீங்க நர்ஸ்தானே? நல்ல நேரத்துல வந்தீங்க. மேல் மாடி உங்களோடது. நேத்து என்ன சாப்பிட்டாங்க, என்ன குடிச்சாங்கன்னு ரூம் ரூமா கேளுங்க."

முதல் அறையில் ஒரு பெண் சுருண்டு கிடந்தாள். நர்ஸின் கை தானாக நாடியைப் பிடித்தது. உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொடுத்தாள். அடுத்த அறையிலும் அதே கதை.

பேராசிரியை எட்டிப் பார்த்தாள். "இவங்களப் பாக்க டாக்டர் வந்தாச்சு. நல்லா இருக்கறவங்கள கேட்டீங்களா?"

"நல்லா இருக்கறவங்ககிட்ட என்னத்தக் கேக்கறது?"

"எல்லாருக்கும் ஒரே மெஸ், ஒரே சாப்பாடு. ஒருத்தி படுத்துட்டா, ஒருத்தி தலை வாரிட்டு நிக்கறா. ஏன்?"

நர்ஸுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் நோயில்லாத ஒருத்தரிடம் அவள் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

எதிர் அறையில் நகம் வெட்டிக்கொண்டிருந்த பெண் முகத்தைச் சுளித்தாள். "எனக்குத்தான் ஒண்ணுமில்லையே, என்னை எதுக்குக் கேக்கறீங்க?"

"ஒண்ணுமில்லாததாலதாம்மா கேக்கறேன்."

எல்லோரும் சாப்பிட்டதையே அவளும் சாப்பிட்டிருந்தாள். விடுதி வாசல் கடையில் பழரசமும் குடித்திருந்தாள். "ஐஸ் மட்டும் போடாம வாங்கினேன். தொண்டை கட்டியிருந்துச்சு."

நர்ஸ் ஏறக்குறைய ஓடினாள். படுத்திருந்தவர்களிடம் திரும்பப் போய்க் கேட்டாள். அறைக்கு அறை ஒரே பதில்: ஐஸ், ஐஸ், ஐஸ். நடமாடிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் பழரசமே குடிக்கவில்லை; மீதிப் பேர் ஐஸ் வேண்டாம் என்றிருந்தார்கள். கீழ்மாடியில் கேட்ட துறை மாணவர்களும் அதையே கொண்டுவந்தார்கள். பழரசக் கடையின் ஐஸ் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, ஐஸைச் சோதனைக்கு அனுப்பினார்கள். மதியம் சாப்பிடவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

நேர்காணல் மாடிப்படியிலேயே முடிந்தது. "நாளைக்கும் வர முடியுமா?" என்பது ஒன்றுதான் கேள்வி.

"வார்டுல லீவு சொல்லிட்டு வர்றேன்," என்றாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நாத்தனார் பிடித்துக்கொண்டாள். "என்ன கேட்டாங்க அண்ணி?"

"அவங்க எங்க கேட்டாங்க? நான்தான் நாள் பூரா கேட்டேன்."

சேரச் சொல்லிக் கடிதம் வந்ததும் நிர்வாகக் கல்லூரிக்குப் போன் செய்து இடம் வேண்டாம் என்றாள். காரணம் கேட்டார்கள். எப்படி விளக்குவது என்று தெரியாமல், "ரொம்ப தூரமா இருக்கு," என்றாள். அந்தக் கல்லூரி வீட்டுக்குப் பின் தெருவில்தான் இருந்தது.