திருப்பி ஒட்டிய அம்பு

மனித இதயம் நானூற்றைம்பது. ரத்தம் ஓட வேண்டுமென்றால் அறுநூறு.

அந்த விலைக்குள் நான்கு அறைகள், சிவப்பும் நீலமுமாகக் குழாய்கள், சாயத் தண்ணீரைத் தள்ளுவதற்கு ஒரு குட்டி மோட்டார் எல்லாம் அடக்கம். பேரம் பேசினால் ஐம்பது குறையும், அறை குறையாது. சூரியக் குடும்பம் இதைவிட மலிவு, தெர்மாகோல் உருண்டைதானே. எங்கள் காலத்தில் ஒன்பது கோள் இருந்ததே என்று அடம்பிடிக்கும் அப்பாக்களுக்கு ஒன்பதாவதை இலவசமாகவே ஒட்டிக் கொடுத்துவிடுவார் மாடல்காரர். ஒரு உருண்டைக்காக வாடிக்கையை இழப்பாரா?

பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே, தையல்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இருந்தது அவர் கடை. 'மாணவர் செயல்திட்டங்களுக்கு உதவி செய்யப்படும்' என்று பலகை. உதவி என்றால் முழு உதவி. பிள்ளை தன் பெயரை எழுதினால் போதும். கையெழுத்து மோசமென்றால் அதையும் மாடல்காரரின் மனைவி எழுதிக் கொடுத்துவிடுவாள். எரிமலை, காற்றாலை, பழங்காலக் கோட்டை, அச்சு இயந்திரத்தின் வரலாறு, கல்வியில் கணினி என்று எந்தப் பாடமானாலும் அலமாரியில் கைவைத்தால் வரும்.

பள்ளிக் கண்காட்சிக்கு முந்தின வாரம் ஒருவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

"என்னங்க, எரிமலை முந்நூறா? மலையையே பேர்த்துத் தர்றீங்களா?"

"நெஜ மலை ஸ்கூட்டர்ல நிக்காது சார். இது முன்னாடி நிக்கும்."

"நெருப்பு வருமா?"

"நுரை வரும். நெருப்பு வந்தா உங்க பையனை வெளிய அனுப்பிடுவாங்க."

அவர் எரிமலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ரொம்ப நேர்த்தியா இருக்கே. இதை என் பையன் செஞ்சான்னா அவனே நம்பமாட்டான். டீச்சர் எப்படி நம்புவாங்க?"

மாடல்காரர் குரலைத் தாழ்த்தினார். தொழில் ரகசியம் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தாழும். விலை சொல்லும்போது உயரும். "இங்க பாருங்க. உருகின குழம்பு கீழேயிருந்து மேல போகணும் இல்லையா? அஞ்சு அம்புல ஒண்ணு மட்டும் மேலேயிருந்து கீழ போகுது. வேணும்னே ஒட்டினது. டீச்சருக்கு வட்டம் போட ஒண்ணு வேணும் சார். போட்டதும் அவங்க மனசு நிறைஞ்சிடும். பையன் தானே செஞ்சிருக்கான், பாவம், தப்பாப் போச்சுன்னு மார்க் போட்டுடுவாங்க."

"அதுக்குத் தனியா காசா?"

"தப்புக்கு நான் காசு வாங்குறதில்ல."

அவர் கடைச் சரக்கு எல்லாவற்றிலும் ஒரு அம்பு வழி தவறும். மழைநீர்ச் சுழற்சியில் ஒரு துளி மேகத்துக்கே திரும்பி ஏறும். இதயத்தில் ஒரு குழாய் ஓட்டம் பின்னால் போகும். கடல் வணிக வரலாற்றில் ஒரு கப்பல் சரக்கை இறக்காமலே ஊர் திரும்பும். இத்தனை வருடத்தில் ஒரு ஆசிரியர்கூடச் சந்தேகப்பட்டதில்லை.

அவர் மகள் அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. கடையில் எல்லாப் பாடமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அவள் மட்டும் கையேந்தவில்லை.

"உங்க பசைகூட வேண்டாம்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவில் போய்ப் பசை வாங்கி வந்தாள். சொந்தக் கடையிருக்க அடுத்தவன் கடையில் கொள்முதல்! மாடல்காரருக்கு அது பசையைப்போலவே நெஞ்சில் ஒட்டிக்கொண்டது.

அவள் எடுத்துக்கொண்டது கூரை. தங்கள் தெருவின் கூரைகள் எவ்வளவு வெயிலைக் கீழே இறக்குகின்றன என்பது. தையல்கடையின் தகரத்துக்குக் கீழே ஒரு தெர்மாமீட்டர், ஜெராக்ஸ் கடையின் கான்கிரீட்டுக்குக் கீழே ஒன்று, சைக்கிள் கடை ஓட்டுக்குக் கீழே ஒன்று. விடுமுறை மாதம் முழுக்கக் காலை, மதியம், மாலை என்று ஓடி ஓடிக் குறித்தாள். பிறகு தையல்காரரைக் கெஞ்சித் தகரத்துக்கு வெள்ளை அடிக்க வைத்து, மறுபடி அளந்தாள். நான்கு டிகிரி இறங்கியிருந்தது.

"முப்பது வருஷமா வெந்துட்டிருந்தேன் கண்ணு. ஒரு டப்பா சுண்ணாம்புல முடியற விஷயமா இது?" என்றார் தையல்காரர்.

இந்தக் கண்காட்சியில் தேறுகிறவர்களில் ஒருவருக்குத் தலைநகரில் ஒரு வாரம். பெரிய ஆய்வுக்கூடத்தில், நிஜ விஞ்ஞானிகளோடு. அந்த ஒரு வாரத்துக்காகத்தான் அத்தனை ஓட்டமும். அவள் தூக்கத்தில்கூட டிகிரி சொன்னாள்.

கண்காட்சியன்று காலை அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் மாடல்காரர் அந்த அட்டையைப் பார்த்தார். கூரை, சூரியன், அறை. சிவப்புத் தாளில் வெட்டி ஒட்டிய அம்புகள். ஒரு கோணல் இல்லை, ஒரு பிசிறு இல்லை. அவருக்கு முதலில் பெருமையாக இருந்தது. அடுத்த நொடியே பயம் வந்தது. இவ்வளவு சுத்தமான வேலையைப் பார்த்தால் யார் நம்புவார்கள்? மாடல்காரர் மகள், அப்பன் செய்து கொடுத்தது என்றுதானே சொல்வார்கள்? சொன்னால் பிள்ளை தாங்குவாளா?

கை தானாகப் போனது. மூலையில், கண்ணில் அதிகம் படாத ஒரு அம்பை நகத்தால் நெம்பி எடுத்தார். தலைகீழாகத் திருப்பினார். அதே பசை ஈரத்தில் அழுத்தினார். அடுத்த தெருப் பசை அத்தனை மட்டம். அரை நிமிட வேலை.

அம்புக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவர் படிக்கவில்லை.

பள்ளியின் பெரிய கூடத்தில் மேசை மேசையாக எல்லோரும் நின்றார்கள். மாடல்காரரும் மற்ற பெற்றோரோடு தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் ஒதுங்கினார். பார்த்த இடமெல்லாம் அவர் கைவேலை. கல்யாண வீட்டில் சமையற்காரர் நிற்பதுபோல அடக்கமாக நின்றார்.

அறிவியல் டீச்சர் இந்த வருடம்தான் வந்தவர். கையில் சிவப்புப் பேனா இல்லை. எரிமலையில் குனிந்தார், இதயத்தில் குனிந்தார், கப்பலில் குனிந்தார். விரல் நுனியால் ஒவ்வொன்றிலும் ஒரு இடத்தை மட்டும் தொட்டுவிட்டு நகர்ந்தார். தொட்டதெல்லாம் அம்பு.

மாடல்காரர் மற்ற பெற்றோரோடு கிட்டே நகர்ந்தார். டீச்சர் அவர் மகளின் மேசைக்கு வந்தார். அட்டையைப் படித்தார், முழுதாக. முகம் மலர்ந்தது. பிறகு விரல் மூலைக்குப் போனது. மலர்ந்த முகம் சுருங்கியது.

"எதிர்க்கடை உங்க அப்பாவோடதா?"

"ஆமா டீச்சர். ஆனா இது முழுக்க நானே செஞ்சது."

"வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பிடுதுன்னு எழுதியிருக்க. உன் கண்டுபிடிப்பே அதுதான். ஆனா அம்பு வீட்டுக்குள்ள போகுதே? இங்க பாதி மேசையில ஒரு அம்பு இப்படித்தான் வழி தவறியிருக்கு. எல்லாம் ஒரே கடை."

மகள் அட்டையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுத்துப் பேசுவாள் என்றுதான் மாடல்காரர் எதிர்பார்த்தார், மறுத்திருந்தால்கூடத் தேவலை.

"நான்தான் தப்பா ஒட்டிட்டேன் போல டீச்சர்" என்றாள். "எப்படின்னு தெரியல."

டீச்சர் அடுத்த மேசைக்குப் போனார். எரிமலைக்காரர் முழங்கையால் மாடல்காரரை இடித்தார். "சொந்தப் பொண்ணுக்கும் அதே சரக்குதானா? நேர்மையான வியாபாரி சார் நீங்க!"

அன்று இரவு மகள் சாப்பிடவில்லை. மூன்று தெர்மாமீட்டரையும் ஒரே தம்ளர் தண்ணீரில் போட்டு உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாப்பா பண்ற?"

"முக்கியமான அம்பையே தப்பா ஒட்டியிருக்கேன்பா. அப்போ அளவெல்லாம் சரியா எழுதியிருப்பேன்னு எப்படி நம்புறது? முப்பத்தெட்டைப் பார்த்து முப்பத்துநாலுன்னு எழுதியிருந்தா? எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு முதல்லேருந்து அளக்கணும்."

மாடல்காரர் வாயைத் திறந்தார். எத்தனையோ வாடிக்கையாளரை வார்த்தையால் மடக்கிய வாய். அதை மூடிக்கொண்டார். எழுந்து கடைக்குள் போய்ப் பஞ்சை எடுத்து மேகம் ஒட்டினார். மனைவி பின்னாலேயே வந்தாள்.

"ஏங்க, உங்க முகம் ஏன் திரும்பி வந்த பார்சல் மாதிரி இருக்கு?"

அவர் இன்னொரு மேகத்துக்குப் பஞ்சைப் பிய்த்தார்.

"அடப்பாவி மனுஷா! நீங்களா?"

"அவ நல்லதுக்குத்தான்..."

"அம்பு பக்கத்துல என்ன எழுதியிருந்துச்சு? படிச்சீங்களா?"

"இல்ல."

"அவ ஒரு மாசம் வெயில்ல நின்னா. நீங்க ஒரு நிமிஷம் நின்னு படிக்கல." அவள் பஞ்சு மேகத்தை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "போய்ச் சொல்லுங்க. அதுவரைக்கும் இந்தக் கடையில நான் எதையும் ஒட்டமாட்டேன்."

மறுநாள் முதல் மணி அடிக்கும் முன்பே மாடல்காரர் ஆசிரியர் அறை வாசலில் நின்றார். மகளிடம் போகவில்லை, டீச்சரிடம் பேசி முடித்துவிட்டால் மகளுக்குத் தெரியாமலே போய்விடும் என்று ஒரு கணக்கு. வியாபாரி புத்தி, எடுத்ததும் அடிமாட்டு விலையில் ஆரம்பித்தார்.

"டீச்சர், நேத்து அந்த அட்டையைத் தூக்கும்போது என் கை பட்டு ஒரு அம்பு விழுந்துடுச்சு. அவசரத்துல திருப்பி ஒட்டிட்டேன்."

"கை பட்டு எரிமலையிலயும் விழுந்துச்சா? கப்பல்லயும்?"

கொஞ்சம் ஏற்றினார். "மத்தது கடை வேலை, ஒத்துக்கறேன். இது மட்டும் தெரியாம நடந்தது."

டீச்சர் பேசாமல் பார்த்தார். பேரத்தில் பேசாத ஆளோடு மட்டும் யாராலும் ஜெயிக்க முடியாது. மாடல்காரர் இன்னும் ஏற்றினார், இன்னும் ஏற்றினார், கடைசியில் முழு விலைக்கு வந்துவிட்டார். "வேணும்னேதான் டீச்சர். அவளே செஞ்சதுன்னு நீங்க நம்பணுமேன்னு. ஒரு அளவையும் நான் தொடல. பசைகூட என்னுது இல்ல."

"இதை அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"அது எதுக்கு டீச்சர்? நீங்களே மறுபடி பார்த்தேன், பரவால்லன்னு சொல்லிட்டா..."

"அப்போ தப்பு அவளோடதாவே நின்னுடும். நான் மன்னிச்சுவிட்டதா ஆகும்." டீச்சர் எழுந்தார். "சாயங்காலம் தலைநகருக்குப் பெயர் அனுப்பணும். அவளை வரச் சொல்லுங்க. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு வரணும்."

மகள் தையல்கடையில் இருந்தாள். பள்ளிச் சீருடையில், ஸ்டூல் மேல் ஏறி, தகரத்துக்குக் கீழே மறுபடியும் தெர்மாமீட்டரைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"கீழ இறங்கு பாப்பா. அம்பை நீ தப்பா ஒட்டல. நான்தான் பிச்சுத் திருப்பினேன். நீ குளிக்கப் போனப்ப."

தையல் மிஷின் நின்றது. தையல்காரர் ஊசியில் நூல் கோப்பதுபோல் பாவனை செய்தார். நூல் ஏற்கெனவே கோத்திருந்தது.

மகளின் முகத்தில் முதலில் வந்தது வெளிச்சம். "அப்போ என் அளவெல்லாம் சரிதானா?"

திட்டுவாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றவருக்கு அந்தச் சந்தோஷம்தான் அடியாக விழுந்தது. "எல்லாம் சரி கண்ணு."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். வெளிச்சம் மெல்ல வடிந்தது.

"ஏன்பா?"

"நீயே செஞ்சதுன்னு எல்லாரும் நம்பணும்னு."

"நானேதானே செஞ்சேன்?"

ஆமாம், நீதான் செய்தாய் என்பதைத் தவிர இதற்கு வேறு பதில் கிடையாது.

"நேத்து ராத்திரி நான் தம்ளர்ல போட்டுப் பார்த்துட்டிருந்தப்ப உங்களுக்குத் தெரியும். அப்பவும் சும்மாதான் இருந்தீங்க."

"ஆமா."

"அந்த அம்பு என்ன சொல்லுதுன்னாவது தெரியுமா?"

"டீச்சர் சொல்லித்தான் தெரிஞ்சுது."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தாள். வழக்கமாகக் கடை வாசலில் நின்று கையாட்டிவிட்டுத்தான் போவாள். அன்று போனாள், அவ்வளவுதான்.

டீச்சர் அட்டையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு அரை மணி நேரம் வாயாலேயே கேள்வி கேட்டாராம். மற்ற மேசைக்காரர்களுக்கும் அதே சோதனை. எரிமலைப் பையன் நுரையைப் பற்றி மட்டும் நன்றாகச் சொன்னான். மாலையில் ஒரே ஒரு பெயர் போனது. அது மாடல்காரர் மகளுடையது. அடுத்த நாள் சில அப்பாக்கள் கடைக்கு வந்து சத்தம் போட்டார்கள். அவர் வாழ்க்கையில் முதல்முறையாகப் பேரம் பேசாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். மனைவி பஞ்சை மறுபடி கையில் எடுத்தாள்; அம்புகளை அவளே வாங்கி வைத்துக்கொண்டாள்.

தலைநகருக்கு அனுப்பும் ஆய்வில் என்னென்ன பிழை நேர்ந்தது என்று கடைசியில் ஒரு பக்கம் எழுதியே ஆக வேண்டுமாம். எழுதிய தாளை மகள் அவர் மேசைமேல் வைத்தாள். "பக்கத்துக் கடையில ரெண்டு நகல் எடுத்துட்டு வாங்கப்பா." குரலில் கோபமில்லை, கொஞ்சலுமில்லை, கடைக்கு வரும் வாடிக்கையாளர் குரல்.

ஜெராக்ஸ்காரர் கை நீட்டினார். "குடுங்க, எடுத்துடறேன்."

"இருங்க. படிச்சுட்டுத் தர்றேன்" என்றார் மாடல்காரர். முதல் வரியிலிருந்து, விரல் வைத்து, ஒரு சொல் விடாமல் படித்தார்.

'ஒன்று: ஓட்டுக் கூரையின் தெர்மாமீட்டர் அரை டிகிரி கூடுதலாகக் காட்டியது. எல்லா அளவிலும் கழித்துவிட்டேன். தீர்ந்தது.

இரண்டு: மழையால் சில நாட்கள் அளக்கவில்லை. பிறகு அளந்து சேர்த்துவிட்டேன். தீர்ந்தது.

மூன்று: அப்பா. அம்பை நேராக ஒட்டிவிட்டேன்.

ஆகப் பிழை மூன்று. தீர்ந்தவை இரண்டு. நிலுவை ஒன்று.'