1461-இல் எழுந்த முகடு

கோடைப்பள்ளியின் கடைசி மூன்று நாள் ஆசிரியர்கள் வாயே திறக்க மாட்டார்கள். அங்கே அதுதான் வழக்கம். நட்சத்திரங்களுக்குள் தனிமங்கள் எப்படி உருவாகின்றன என்று ஒன்றரை வாரம் தொண்டை வறளப் பாடம் நடத்திவிட்டு, "இனி உங்க பாடு" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார்கள். ஆறு குழு, குழுவுக்கு இரண்டு பேர். நன்றாகச் செய்யும் குழு இன்னும் இரண்டு மாதம் தங்கி, அணுத்துகள்களை வேகமெடுக்க வைக்கும் முடுக்கி இயந்திரத்தில் நிஜமான ஆய்வில் சேரலாம்.

அவர்களில் ஒருத்தியான தையல்காரம்மாவின் மகளுக்கு அந்த இரண்டு மாதம் வேண்டும். பல் துலக்கும்போதும் அதே நினைப்புதான். அவளுக்குக் கூட்டாளியாக வாய்த்தவனுக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர். வைத்தவர் யாரோ, பலே கெட்டிக்காரர்.

முடுக்கியில் கதிர் பாய்ச்சிய ஒரு தகட்டிலிருந்து வரும் காமா கதிர்களை எண்ணுவது அவர்கள் வேலை. முதல் நாள் தகடு இல்லாமலே எண்ணினார்கள். சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் எவ்வளவு வருகிறது என்று தெரிய வேண்டுமே. மறுநாள் தகட்டை வைத்து எண்ணினார்கள். இதிலிருந்து முதல் நாள் எண்ணிக்கையைக் கழித்தால் மிஞ்சுவது தகட்டின் பங்கு. கழித்துப் பார்த்தால், திரையில் விழுந்த வரைபடத்தில் 1461 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஒரு முகடு நெட்டுக்குத்தாக நின்றது. அந்தத் தகட்டுக்கு அங்கே முகடே வரக்கூடாது.

"புதுசு! நாமதான் கண்டுபிடிச்சிருக்கோம்!" என்று குதித்தான் அவசரம்.

"பொட்டாசியத்தோட கதிரும் அதே இடத்துலதான் வரும். சுவத்துல அது இருக்கு" என்றாள் அவள்.

"அதத்தான் கழிச்சாச்சே!"

கழித்தாகிவிட்டதே என்று அவளும் நம்பினாள். நம்ப ஆசையாகவும் இருந்தது. அந்தப் பக்கம் வந்த ஆசிரியர்கள் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு போனார்கள். வாயடைத்துப் போய்விட்டார்கள் என்றே இருவரும் நினைத்தார்கள்.

மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு எல்லோரும் கூடிய அரங்கில் பேச வேண்டும். பதினோரு மணிக்கு அம்மா போன் செய்தாள்.

"டாக்டர் சொன்ன உப்பு வாங்கினியாடி?"

"ரெண்டு பாக்கெட் வாங்கியாச்சும்மா. பையிலயே இருக்கு."

"ரத்தக் கொதிப்புக்கு ஆகுறதுதானா? கண்டதையும் வாங்கிட்டு வந்துடாதே. மேல என்ன போட்டிருக்கான்னு படி."

மேஜைக்கடியிலிருந்து பையை இழுத்துப் படித்தாள். "சோடியம் குறைந்தது. பொட்டாசியம் குளோ..."

"அப்புறம் பேசறேம்மா" என்று போனை வைத்தாள்.

கதிரை எண்ணும் டிடெக்டரிலிருந்து பைக்கு ஒரு முழம்கூட இல்லை. தகடு இல்லாமல் எண்ணிய நாளில் பை விடுதியில் கிடந்தது. அன்று மாலைதான் கடைக்குப் போனாள். முகடு தகட்டுடையதல்ல, உப்புடையது என்று பாக்கெட்டை அவசரத்திடம் நீட்டினாள்.

"சொல்லாம விட்டா யாருக்குத் தெரியும்?" என்றான் அவசரம். அவன் முகம் தொங்கிப் போயிருந்தது.

ஒரு நிமிடம் அவளுக்கும் அப்படியே தோன்றியது. இரண்டு மாதம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததே! ஆனால் இல்லாத முகட்டைக் காட்டி வாங்கிய இடத்தில் அவளால் ஒரு நாள்கூட நிம்மதியாக உட்கார முடியாது.

"எனக்குத் தெரியுமே. எந்திரி, நாலு மணி நேரம் இருக்கு" என்றாள்.

பையை வெளியே வைத்து எண்ணினார்கள். முகடு காணாமல் போனது. ஒரு பாக்கெட் வைத்தார்கள், எழுந்தது. இரண்டு வைத்தார்கள், ஏறக்குறைய இரு மடங்கானது. கணக்கு இவ்வளவு அழகாக உட்கார்ந்ததும் அவசரத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அரங்கில் அவள் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். "ரெண்டு நாளா நாங்க ஆராய்ச்சி பண்ணினது எங்கம்மாவோட உப்பை." அரங்கம் அதிர்ந்தது. சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினாள். "ஆனா இதுல கதிர் விடுற பொட்டாசியம் சூரியனுக்கும் மூத்தது. சூரியன் பிறக்கறதுக்கு முன்னாடியே ஏதோ நட்சத்திரத்துல உண்டானது. இன்னும் முழுசா அணையல." சொன்ன அவளுக்கே மெய் சிலிர்த்தது.

பள்ளியின் தலைவி எழுந்து வந்தார். "அந்த முகட்டைப் பார்த்துட்டு வாயைத் திறக்காம இருக்க நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்" என்றார். "முடுக்கியில தினமும் இப்படி ஏதாவது முளைக்கும். முளைச்சதைத் தானே பிடுங்கிப் போடற ஆளைத்தான் நான் தேடறேன்."

முடுக்கிக் கூடத்துக்குள் நுழைய வேண்டிய அனுமதி அட்டைகள் இரண்டை அவர் நீட்டினார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அட்டையில் பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது. அவள் பேனா கேட்டாள்.