நின்ற வரியும் அடுத்த வரியும்

சரவணம்பட்டியில் உள்ள அந்த மென்பொருள் நிறுவனத்தில், டீபக்கர் ஒரு புரோகிராமை எந்த வரியில் நிறுத்துகிறதோ, அந்த வரியை எழுதியவரும் இருந்த இடத்தில் அசையாமல் நின்றுவிடுவார். கோளாறு எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்காகப் புரோகிராமைப் பாதி ஓட்டத்தில் நிறுத்தும் கருவி அது. நிறுத்தியவர் பார்த்து முடித்துத் தொடரச் சொன்னதும் புரோகிராமும் ஓடும், ஆளும் நகர்வார். பெரும்பாலும் ஒரு டீ குடிக்கும் நேரம்தான். மற்றவர்கள் இடிக்காமல் ஒதுங்கிப் போவார்கள்.

சாந்தாமணியின் கணவர் ஜெயபால் வியாழக்கிழமை மதியம் கேன்டீனில் நின்றார். இருவருக்கும் அங்கேதான் வேலை. அவர் புரோகிராம் எழுதுபவர். அவள் கையேடுகளைச் சரிபார்ப்பவள். தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே, "சாந்தா, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். வந்து…" என்றார். அதோடு நின்றார்.

அவரை நிறுத்தியவன் அன்று மாலையே வேலையை விட்டுப் போய்விட்டான். போனையும் எடுக்கவில்லை. நிறுத்தியவரைத் தவிர வேறு யாராலும் தொடர வைக்க முடியாது. கேன்டீன்காரர்கள் ஜெயபாலின் கையைத் துடைத்துவிட்டு, ஏசி குளிருக்கு ஒரு துண்டைப் போர்த்திவிட்டார்கள்.

சாந்தாமணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த 'வந்து'வுக்குப் பிறகு என்ன? அந்த வாரம்தான் டாக்டரிடம் போய்விட்டு வந்து, ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தார். ஒன்றுமில்லை என்று எத்தனை வேகமாகச் சொன்னார் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்ததைக் கவனிக்கவில்லை. பேருந்தில் இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனாள். விடியும் முன்பே கிளம்பிக் கேன்டீனில் அவருக்கு எதிரே உட்கார்ந்துகொள்வாள். உட்கார்ந்த மறுநிமிடம் எழுந்துவிடுவாள்.

டீபக்கரில் அப்போது ஒரு புதிய வசதி தயாராகியிருந்தது. நான்கைந்து வரி ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தால் போதும். யார் நிறுத்தியிருந்தாலும் டீபக்கரே தொடர வைத்துவிடும். ஆனால் கையேட்டைச் சரிபார்க்காமல் எந்த வசதியையும் திறந்துவிடுவதில்லை என்பது நிறுவனத்தின் வழக்கம். திங்கட்கிழமை அந்தக் கையேடு சாந்தாமணியிடம்தான் வந்தது. எழுதியவன் எட்வின்.

அவள் மடமடவென்று படித்துக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றாள். எட்வினைக் கூப்பிட்டாள்.

"'அடுத்த வரியிலிருந்து தொடரும்'னு எழுதியிருக்கீங்க. அப்ப நின்ன வரி என்னாகும்?"

"அது ஓடிட்டதா எடுத்துக்கும்க்கா. குணவதி அக்கா மேலதான் டெஸ்ட் பண்ணோம். நல்லாத்தான் நடமாடுறாங்க."

சாந்தாமணி மூன்றாவது மாடிக்குப் போனாள். குணவதியைத் தும்மப்போகும் சமயத்தில் நிறுத்தியிருந்தார்கள். ஸ்கிரிப்ட் போட்டதும் அவள் கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாளாம். தும்மல் மட்டும் வரவேயில்லை.

"தும்மியாச்சுன்னுதான் மனசு சொல்லுதுங்க," என்றாள் குணவதி. "மூக்குத்தான் ஒத்துக்க மாட்டேங்குது. பழகிக்கிட்டேன்."

சாந்தாமணி கீழே வந்தாள். எட்வின் அவள் மேசையருகிலேயே காத்திருந்தான்.

"ஒரு வாக்கியம்தானேக்கா? நீங்க சரின்னு சொன்னா அண்ணன் இன்னைக்கே வீட்டுக்கு வந்துருவாரு."

அவன் சொன்னதில் தப்பில்லை. ஒப்புதல் பொத்தானின்மேல் விரலை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். பிறகு எழுந்து கேன்டீனுக்குப் போனாள். ஜெயபாலின் வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணில் இருப்பது பயமா, சந்தோஷமா என்று எந்தப் பக்கம் நின்று பார்த்தும் பிடிபடவில்லை. அடுத்த வரியிலிருந்து தொடர்ந்தால், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட நிம்மதியில் அவர் இருப்பார். கேட்காத காதோடு அவள் பக்கத்தில் படுத்திருப்பாள். இனி ஆயுசுக்கும் அப்படித்தான்.

திரும்பி வந்து குறிப்பு எழுதினாள்: 'நின்ற வரியை முதலில் ஓட்ட வேண்டும். அதுவரை ஒப்புதல் இல்லை.'

வசதியை உருவாக்கிய பழனிக்குமார் நேரிலேயே வந்துவிட்டார். "மேடம், இத மாத்தறதுக்கு இன்னும் சில நாள் ஆகுங்க. நிக்கிறது உங்க வீட்டுக்காரர், தெரியுமில்லீங்க?"

"தெரியுங்க. அதனாலதான்."

அந்த நாட்களை அவள் நடந்தே தீர்த்தாள். கேன்டீனுக்கும் மேசைக்கும் நடந்தாள்; ஊரடங்கிய பிறகு வீட்டுக்கு வந்து ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். திருத்திய கையேடு வந்தபோது ஒரு வரியையும் தாண்டாமல் படித்தாள். விட்டுப்போன ஒரு காற்புள்ளியைக்கூடச் சேர்த்தாள். ஒப்புதல் கொடுத்துவிட்டு, முதல் ஸ்கிரிப்டைத் தானே எழுதி ஓடவிட்டு, கேன்டீனுக்கு ஓடினாள்.

"…நம்ம வீட்டுக்கு நாளைக்குக் கடல் வருது," என்றார் ஜெயபால். "காத்தால ஆள் இருக்கோணுமாம்."

சாந்தாமணி நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்த முறை எழவில்லை. அழுகை வந்தது, அழுது முடித்தாள்.

"நீங்க சொல்ற 'நாளைக்கு' போன வெள்ளிக்கிழமைங்க," என்றாள். "வீட்ல யாருமில்ல."

ஜெயபால் காய்ந்துபோன தயிர்ச்சோற்றைப் பார்த்தார். "அடடா. திருப்பி எடுத்துட்டுப் போயிருப்பாங்களே."

இருவரும் அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கீழ்வீட்டு நபீசா அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். புடவையின் ஓரம் முழங்கால் வரை நனைந்திருந்தது.

"எங்க போயிட்டீங்க ரெண்டு பேரும்? எப்ப மேல வந்து பாத்தாலும் பூட்டுதான். வந்தவங்க திருப்பி எடுத்துட்டுப் போறோம்னாங்க. நாந்தான் வாங்கி எங்க ஹால்ல வச்சேன். அலை தூங்கவே விடலீங்க."

"சிரமம் குடுத்துட்டோமுங்க," என்றார் ஜெயபால். சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போய்க் கடலின் ஒரு முனையைப் பிடித்தார். சாந்தாமணி செருப்பைக் கழற்றிவிட்டு மறுமுனையைத் தூக்கினாள்.

"மாடிப்படி வளைவுல கொஞ்சம் சாய்ச்சுப் புடி," என்றார் அவர்.