ஹாரனா, ஃபேனா?

ஆர்.எஸ்.புரத்தில் வரலட்சுமி நடத்திவந்த பெண்கள் டிரைவிங் ஸ்கூல் என்பது ஒரு போர்டு, ஒரு டெலிபோன், பதினோரு வருடம் ஓடிய ஒரு சின்ன வெள்ளைக் கார். 1997 மே மாதத்தில் அந்தக் காருக்குக் கெட்ட பழக்கம் ஒன்று வந்தது. ஓடுகிற வரைக்கும் சாதுவாக இருக்கும். சிக்னலில் ஒரு நிமிடம் நின்றால் போதும், சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறத் தொடங்கிவிடும்.

மெக்கானிக் செங்கோடன் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார். மூடியை மாற்றினார். "இனி ஐஸ் மாதிரி இருக்குமுங்க" என்று சாவியைக் கொடுத்தார். அவர் ஓட்டிப் பார்த்தது காலை ஆறு மணிக்கு, ஆளில்லாத ரோட்டில்.

கடைசியில் வரலட்சுமியே ஒரு வழி கண்டுபிடித்தாள். முள் ஏறினால் ஹீட்டரை முழுசாகத் திருகிவிடுவாள். எஞ்சினின் கொதிநீர் டாஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டருக்குள்ளும் சுற்றிவரும். சூடெல்லாம் காருக்குள் கொட்டும், எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். ஆனால் கத்திரி வெயிலில் உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் பிழைப்பது கஷ்டம். இரண்டு மாணவிகள் சொல்லாமல் நின்றுவிட்டார்கள்.

முத்தாத்தாள் நிற்கவில்லை. அவள் கருமத்தம்பட்டியில் பன்னிரண்டு விசைத்தறிகளை ஓட்டுகிறவள். வயது நாற்பத்தேழு. தகரக் கூரை போட்ட தறிக்குடோனில் இருபது வருடம் நின்றவளுக்கு இந்த ஹீட்டர் ஒரு பொருட்டே இல்லை. அவள் கணவருக்கு லைசென்ஸ் இருந்தது. ஆனால் எதிரே பஸ் வந்தால் காரை ஓரம் கட்டி, அது கண்ணுக்கு மறைகிறவரை காத்திருப்பார். அவினாசி ரோட்டில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. ஒரு நாள் அவரோடு கோயமுத்தூர் வந்து சேர மூன்று மணி நேரம் ஆனது. அன்றைக்கே அவள் வரலட்சுமியிடம் சேர்ந்துவிட்டாள்.

டெஸ்ட் நாளன்று ஆர்.டி.ஓ. மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. முன்னால் இருபது வண்டிகள். வரலட்சுமி எஞ்சினை அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்தாள். உள்ளிருந்து இட்லிக் குண்டானைத் திறந்த மாதிரி அனல் அடித்தது.

"ஏனுங்க அம்மணி, முள்ளு ஏறறப்ப முன்னாடி இருக்கற இந்த ஃபேனு சுத்துதான்னு ஆராச்சும் பாத்தீங்களா?" என்று கேட்டாள் முத்தாத்தாள்.

வரலட்சுமி யோசித்தாள். செங்கோடன் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. சூடு ஏறினால் அது தானாகச் சுற்றும் என்றுதான் இருவரும் நம்பியிருந்தார்கள்.

"இல்லீங்க அக்கா."

"நாம வேணா பாப்போமுங்களா? வரிசை நகர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்."

ரேடியேட்டரின் அடியில், சூட்டை உணர்ந்து ஃபேனைப் போடுகிற சுவிட்ச் இருந்தது. அதிலிருந்த இரண்டு ஒயர்களையும் பிடுங்கி, முத்தாத்தாளின் ஊக்கால் ஒன்றோடொன்று சேர்த்தார்கள். சுவிட்ச் மட்டும் கெட்டிருந்தால் இப்போது ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை.

"அப்ப மோட்டாரு போயிருச்சு" என்றாள் வரலட்சுமி. அவள் குரல் இறங்கியது.

"அவசரப்படாதீங்க. நேரா கரண்டு குடுத்துப் பாப்போம்."

பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர்களை இழுத்து ஃபேனுக்கு நேராகத் தொட வைத்தார்கள். ஃபேன் சீறிக்கொண்டு சுற்றியது. முத்தாத்தாளின் முந்தானை மயிரிழையில் தப்பியது. மோட்டாரில் குறையில்லை. ஃபியூஸைப் பிடுங்கி வெயிலுக்கு நேராகப் பிடித்தார்கள். கம்பி முழுசாகவே இருந்தது.

முத்தாத்தாள் இடுப்பில் கைவைத்து நின்றாள். "மோட்டாரு நல்லாருக்குது. ஃபியூஸும் நல்லாருக்குது. ஊக்கு வெச்சப்ப டிக்குன்னு எங்கியோ ஒரு சத்தம் கேட்டுதுங்க. எங்க தறி இப்படி நின்னா ஸ்டார்ட்டர் பொட்டியத்தான் தொறப்போம். உள்ள பாயிண்ட்டு கருகிப்போயிருக்கும். டிக்குன்னு ஒட்டும், ஆனா கரண்டு போகாது. இதுல ஸ்டார்ட்டர் எங்கீங்க இருக்குது?"

வரலட்சுமிக்குச் சட்டென்று விளங்கியது. "ரிலே! ஃபேனுக்குக் கரண்டைத் திறந்துவிடற டப்பா!"

பேட்டரிக்குப் பக்கத்தில் தீப்பெட்டியைவிடச் சின்னதாக இரண்டு கறுப்பு டப்பாக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று ஃபேனுக்கு, மற்றது ஹாரனுக்கு. இரண்டும் ஒரே மாதிரி. வரலட்சுமி ஹாரன் ரிலேயைப் பிடுங்கி ஃபேனின் இடத்தில் சொருகினாள். ஃபேன் சுற்றியது. இருவரும் டெஸ்ட் வரிசையில் நிற்கிறோம் என்பதையே மறந்து கைதட்டினார்கள். சுவிட்ச் ஒயர்களை அதனதன் இடத்தில் மாட்டி, கருகின ரிலேயை வரலட்சுமி கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஹாரனைப் பற்றி இருவருக்கும் நினைவே வரவில்லை.

இன்ஸ்பெக்டர் தமிழ்வேந்தன் கையில் பேடுடன் முன் சீட்டில் உட்கார்ந்தார். கறாரான ஆள். முதல் வளைவை நெருங்கியதும், "ஹாரன் அடிங்கம்மா" என்றார்.

முத்தாத்தாள் அடித்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி அழுத்தினாள். வளைவில் ஒரு டீக்காரர் தூக்குப்பாத்திரத்தோடு நடந்துகொண்டிருந்தார். முத்தாத்தாள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பன்னிரண்டு தறிகளின் சத்தத்தையும் மீறிப் பழகிய குரலில் கத்தினாள்:

"ஏனுங்கோவ்! கொஞ்சம் அக்கட்டால போங்!"

டீக்காரர் பள்ளத்தில் குதித்தார்.

"நிறுத்துங்க" என்றார் தமிழ்வேந்தன். "ஹாரன் எங்கம்மா?"

"ஃபேனுக்குக் குடுத்துப்போட்டமுங்க சார்."

விஷயத்தை முழுசாகக் கேட்டுவிட்டு அவர் பேடை மூடினார். "ஹாரன் இல்லாத வண்டில டெஸ்ட் எடுக்க முடியாது. சரி பண்ணிட்டு வாங்க. ஒரு மணி வரைக்கும் இருப்பேன்."

அப்போது மணி பன்னிரண்டே முக்கால். வரலட்சுமி ஓடிவந்து ரிலேயை மறுபடி ஹாரனுக்கே மாற்றினாள். ஹாரன் அலறியது. ஃபேன் நின்றது. முள் ஏறத் தொடங்கியது.

"அக்கா, கொதிச்சிருமுங்க" என்றாள் வரலட்சுமி கிசுகிசுப்பாக.

"நான் பாத்துக்கறேன் அம்மணி."

தமிழ்வேந்தன் மறுபடி ஏறினார். ஹாரன் சத்தத்தில் திருப்தியடைந்தார். எட்டுப் போட ஆரம்பித்ததும் முத்தாத்தாள் ஹீட்டரை முழுசாகத் திருகினாள். இன்ஸ்பெக்டரின் முழங்காலில் அனல் வந்து மோதியது.

"என்னம்மா இது?"

"ஹீட்டருங்க சார்."

"மே மாசத்துலயா? அணைங்க!"

"அணைச்சா எஞ்சின் கொதிச்சு நடுவுல நின்னுபோயிருமுங்க சார். டெஸ்ட்ல ஹீட்டர் போடக் கூடாதுன்னு ரூல் இருக்குதுங்களா?"

தமிழ்வேந்தன் யோசித்தார். விதிகளை வரிவரியாக அறிந்தவர். அப்படி ஒன்று இல்லை. டெஸ்டைப் பாதியில் முடித்துவிட்டு இறங்கலாம்தான். ஆனால் எட்டு, ரிவர்ஸ், கை சிக்னல் மூன்றையும் பார்க்காமல் அவர் யாருக்கும் கையெழுத்துப் போட்டதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எட்டின் முதல் சுற்றிலேயே அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ரிவர்ஸில் காலருக்குள் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டார். முத்தாத்தாள் நிதானமாக, நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லாமல், கண்ணாடியைப் பார்த்துப் பின்னால் போய்க்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு வேர்க்காதாம்மா?"

"இதெல்லாம் எங்களுக்கு மார்கழிங்க சார்."

கார் நின்றதும் அவர் கதவைத் திறந்து ஏறக்குறைய விழுந்தார். மூக்கிலிருந்து சொட்டிய வியர்வை ஃபாரத்தில் முத்தாத்தாளின் பெயரை ஊதா ஏரியாக்கியிருந்தது. பள்ளத்திலிருந்து ஏறிவந்திருந்த டீக்காரரிடம் தண்ணீர் வாங்கி இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, புது ஃபாரம் எடுத்து மறுபடி எழுதினார். 'பாஸ்' என்று எழுதும்போதும் கை ஈரமாகவே இருந்தது.

"ஓட்டறது நல்லாத்தான் ஓட்டறாங்க" என்றார் வரலட்சுமியிடம். "ஆனா ஹாரனும் ஃபேனும் ஒண்ணா வேலை செய்யற வரைக்கும் இந்தக் கார் என் கண்ணுல படக் கூடாது."

அங்கிருந்து நேராகக் காந்திபுரத்தில் அமீர் ஹம்சாவின் ஸ்பேர்ஸ் கடைக்குப் போனார்கள். கருகின ரிலேயைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்த அவர், உள்ளே போய் ஒரு புதிய டப்பாவோடு வந்தார்.

"ரெண்டாக் குடுங்க. ஒண்ணு எப்பவும் கையில இருக்கோணும்" என்றாள் முத்தாத்தாள். கடை வாசலிலேயே பானெட்டைத் திறந்து அவளே ஒன்றைச் சொருகினாள்.

திரும்பும் வழியில் அவள்தான் ஓட்டினாள். சிவப்பு விளக்கில் நின்றார்கள். முள் மெதுவாக ஏறியது. முள் பாதியைத் தாண்டி இன்னும் கொஞ்சம் மேலே போனது. வரலட்சுமியின் கை தானாக ஹீட்டர் பக்கம் நீண்டது. அந்த நேரம் முன்னால் டிக்கென்று ஒரு சத்தம், கூடவே ஃபேன் சுற்றுகிற ஓசை. முள் தயங்கி, இறங்க ஆரம்பித்தது.

"ஓடுதுங்க அம்மணி" என்றாள் முத்தாத்தாள் மெல்ல.

"ஆமாங்க அக்கா."

இருவரும் அதையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விளக்கு எப்போதோ பச்சைக்கு மாறியிருந்தது. பின்னால் ஒரு டவுன் பஸ், நான்கு ஆட்டோ, ஒரு லாரி எல்லாம் சேர்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.