அம்மன் வேஷத்தில் வந்தவன்

அடி விழும்போது நளினி வாயைத் திறக்க மாட்டாள். திறந்தால் நாக்கு கடிபடும். முகத்தைத் திருப்பி அடியைத் தோளில் வாங்குவாள். முடிந்ததும் முகம் கழுவி, உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிடுவாள். அழுதுகொண்டு பட்டினி கிடந்தால் மறுநாள் வேலை ஓடாது. யாரும் சொல்லித்தரவில்லை. வாங்கி வாங்கித் தெரிந்துகொண்டது.

நூல் விலை ஏறி, சொந்த ஊரான நகரியில் தறிக்கொட்டகைகள் மூடியபோது அவளும் புருஷன் சிட்டிபாபுவும் திருப்பதிக்கு வந்தார்கள். ஸ்டேஷன் பக்கம் புதுசு புதுசாக லாட்ஜுகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஒன்றில் இருவருக்கும் வேலை கிடைத்தது. அவன் ரூம் பாய். அவள் மொட்டைமாடியில் படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் பிழிபவள். மேனேஜர் ரங்கையா, வெந்நீர் தாமதமானால் யாத்திரிகர்கள் முன்னாலேயே சிட்டிபாபுவை அறைவான். அவன் அறைந்த நாளெல்லாம் வீட்டில் நளினிக்கு அடி.

அடியைவிட அவள் பயந்தது வேறொன்றுக்கு. பக்கத்து வீட்டு வெங்கடலட்சுமி, காலமெல்லாம் உதை வாங்கியவள், "புருஷன் கைதானேடி, விட்டுத் தள்ளு" என்று சிரிப்பாள். தானும் ஒருநாள் அப்படிச் சிரித்துவிடுவோமோ என்பதுதான் அந்தப் பயம்.

மே மாதம் கங்கம்மா ஜாத்திரை வந்தது. ஆண்கள் புடவை கட்டி, முகத்தில் கரியும் குங்குமமும் பூசி, வேப்பிலையோடு தெருவில் இறங்குவார்கள். வேஷம் போட்டவன் யாரையும் எந்தக் கெட்ட வார்த்தையாலும் திட்டலாம். திட்டு வாங்கியவன் கோபப்படக் கூடாது. அது அம்மன் வாக்கு.

சிட்டிபாபு இதற்காகவே காத்திருந்தான்.

"உன் பொடவ ஒண்ணு குடு. நல்லதா குடு."

"கரி பூசிக்கினு போறதுக்கு நல்லது இன்னாத்துக்கு?"

"அந்த ரங்கையாவ, அவன் நைனாவையும் சேத்து நாறடிக்கப் போறேன். கந்தலோடயா போறது?"

லாட்ஜ் வாசலில் நின்று, இத்தனை நாள் விழுங்கியதையெல்லாம் துப்பினான். நளினி மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ரங்கையா கோபப்படவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினான்.

"திட்டு தல்லி, திட்டு தாயே, இங்கா திட்டு. இன்னும் நல்லா திட்டு."

காலில் விழுந்தான். வேப்பிலையைக் கேட்டு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"நம்ம சாருக்கு இந்த வருஷம் சொந்த லாட்ஜே எழும்பிடும்டா," என்றான் இன்னொரு ரூம் பாய். எல்லோரும் சிரித்தார்கள்.

சிட்டிபாபு திட்டிய அத்தனையும் ரங்கையாவுக்கு ஆசீர்வாதமாகப் போய்விட்டது.

மத்தியானச் சோற்றுக்கு நளினி வீட்டுக்குப் போனாள். சிட்டிபாபு வேஷத்தோடு பின்னாலேயே வந்தான்.

"மேலேர்ந்து பாத்துக்கினு இருந்தல்ல? சிரிச்சியா?"

"இல்ல மாமா."

முதல் அடி காதில் விழுந்தது. அடுத்தது வயிற்றில். முடியைப் பிடித்து இழுத்து வாசலில் தள்ளினான். நெற்றி படியில் மோதி, இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. சத்தம் கேட்டு ஓடிவந்த பெண்கள், குங்குமம் அப்பிய அந்த முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். கைகூப்பினார்கள்.

"அம்மா கோவமா கீறா," என்றாள் வெங்கடலட்சுமி. "பேசாம வாங்கிக்கோடி. கும்புடு."

அவன் விலாவில் உதைத்தான். நளினியின் கைகள் தாமாக எழுந்தன. விரல்நுனிகள் தொட்டுக்கொண்டன. தன் கைகள் கும்பிடப் போவதைப் பார்த்ததும் வெடுக்கென்று பிரித்துக்கொண்டாள்.

அடுத்த அடி இறங்கியபோது அந்தக் கையைப் பிடித்தாள். ஈர விரிப்பைப் பிழிகிற மாதிரி இரண்டு கையாலும் திருகினாள். அவன் மண்டியிட்டான். அவள் விடவில்லை. எலும்பு ஒடிந்த சத்தம் வாசலில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

அவன் அலறினான்.

"பாவி, அம்மன் மேலயே கைய வச்சிட்டியேடி," என்றாள் வெங்கடலட்சுமி.

"அம்மனுக்கு வலிக்குமாக்கா?" மூச்சு வாங்க நளினி கேட்டாள். "இதுக்கு வலிக்குது பாரு."

கூப்பிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. வெங்கடலட்சுமியின் கைகள் மட்டும் அப்படியே இருந்தன.

தொங்கிய கைக்கு அட்டை வைத்துத் துண்டால் கட்டி, அவனை பஸ் ஸ்டாண்டுக்கு நடத்திப் போனாள். வேஷம் கலையவில்லை. அழுதுகொண்டே நடந்தவனின் காலை வழியெல்லாம் ஜனங்கள் தொட்டுக் கும்பிட்டார்கள். எலும்பு முறிந்தவர்கள் கட்டுப் போட்டுக்கொள்ளப் போகிற புத்தூருக்கு பஸ் நின்றிருந்தது. அதையும் தாண்டினால் நகரி. ஏற்றி உட்காரவைத்தாள்.

"நீயும் வா நளினி. ஒத்தக் கைய வச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்?"

"கட்டு போட்டுக்கினு அப்படியே ஊருக்குப் போ."

"திரும்பி எப்ப வர்றது?"

"வராத."

பஸ் போனது. நளினி சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்து, நெற்றி இரத்தத்தைத் துடைத்தாள். மத்தியானச் சோறு வீட்டில் அப்படியே இருந்தது. சாப்பிட எழுந்து நடந்தாள்.