போனில் நானூற்றுப் பத்து

டிரைவர் என் கடைக்குள் நுழைந்தால் வணக்கம் வராது, விலைதான் வரும்.

"முதலாளி, அந்தக் கார்புரேட்டர் அறுநூத்தி நாப்பதுன்னு சொன்னீங்க. போன்ல நானூத்திப் பத்து போட்டிருக்கான்."

சொல்லிவிட்டுப் போனை மேசைக்கு மேல் நீட்டுவார். நான் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்ப்பேன். பார்த்த மாத்திரத்தில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

"அப்ப போன்லயே வாங்க வேண்டியதுதானே? இங்க எதுக்கு வந்தீங்க, என் மூஞ்சியைப் பார்க்கவா?"

"உங்க மூஞ்சியை எவன் பார்ப்பான்? ஒரே சாமான், எப்படி இவ்வளவு வித்தியாசம்னு கேக்குறேன்."

"ஒரே சாமானா? அவன் போட்டிருக்கறது டூப்ளிகேட். நாலு மாசத்துல பெட்ரோல் ஒழுகும். இது கம்பெனி சாமான். கம்பெனியிலேர்ந்து ஏஜென்ட், ஏஜென்ட்கிட்டேர்ந்து மொத்த வியாபாரி, அப்புறம் லாரி, அப்புறம் நான். ஒவ்வொருத்தனும் சும்மாவா கை மாத்துவான்? அதோ பாருங்க, அந்த மூலையில ஒரு ஆயில் சீல் அஞ்சு வருஷமா உக்காந்திருக்கு. அது உக்காந்திருக்கற இடத்துக்கும் நான்தான் வாடகை கட்டறேன்."

"உங்க ஆயில் சீலுக்கு நான் ஏன்யா வாடகை கட்டணும்?"

இப்படி அரைமணி நேரம் போகும். கடைசியில் தலையில் அடித்துக்கொண்டு அறுநூற்று நாற்பதையும் எண்ணி வைத்துவிட்டுப் போவார். பேரம் பேசியதில் ஒரு காசு குறைந்ததாகச் சரித்திரம் இல்லை. வாரத்தில் ஒருநாள், செவ்வாயோ புதனோ, பிளக், பில்டர், ஸ்டார்டர் கயிறு என்று எதையாவது கேட்டுக்கொண்டு மறுபடி வந்து நிற்பார். இரண்டு வருடமாக இதே கூத்து.

என் கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் இறைக்கிற பம்ப், புல் வெட்டுகிற மிஷின், சின்ன ஜெனரேட்டர், இவற்றின் இன்ஜினுக்கு வேண்டிய உதிரிப் பாகங்கள் விற்கிறேன். ஒரு காலத்தில் காலை எட்டு மணிக்கே ஐந்தாறு மெக்கானிக்குகள் வந்து நின்று, எனக்கு முதலில், உனக்கு முதலில் என்று சண்டை போடுவார்கள். இப்போது அவர்கள் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. நான் ஈ ஓட்டுகிறேன்.

கடைக்குப் பின்னால் ஒரு அறை, அதில்தான் இருக்கிறேன். மனைவி போய் மூன்று வருடம் ஆகிறது. மகள் கடல் தாண்டி இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். "சாப்பிட்டீங்களாப்பா?" என்பாள். "ஆச்சும்மா" என்பேன். நாலு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். அவளைக் குறை சொல்லவில்லை, எனக்கும் அதற்குமேல் பேசத் தெரியவில்லை. சில நாட்களில் காலையிலிருந்து வாயே திறந்திருக்க மாட்டேன். சாயங்காலம் யாராவது வந்து ஏதாவது கேட்டால் முதல் இரண்டு வார்த்தை காற்றாகத்தான் வரும். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொல்ல வேண்டியிருக்கும்.

டிரைவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அக்கம்பக்கத்து வீடுகளின் மிஷின்களைச் சும்மா சரிசெய்து கொடுக்கிறவர். அவரைப் பற்றி நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். சட்டையில் எப்போதும் ஒரு பித்தான் இருக்காது. எந்த அவசரமும் இருக்காது. போனில் மலிவாகக் கிடைக்கிறது என்று தெரிந்தும் அடுத்த வாரம் இங்கேதான் வருவார். வீட்டில் பேச ஆளில்லாதவன்தான் இப்படி வருவான் என்று நினைத்தேன். பாவம், நாம்தான் கொஞ்சம் பேச்சுக் கொடுப்போமே என்று அவருக்காகப் பின்னறையிலிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டேன். செவ்வாய்க்கிழமை என்றால் சவரம் செய்துகொள்வேன். இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

வந்தது வினை. போன மழைக்கு முன்னால் ஒருநாள் முதுகுவலியோ என்னவோ, எனக்கு எதைக் கேட்டாலும் எரிச்சலாக இருந்தது. அவர் வழக்கம்போல, "பிஸ்டன் ரிங்குக்கு முன்னூத்திப் பத்தா? இது பகல் கொள்ளையாச்சே!" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, "கொள்ளைக்காரன்கிட்ட என்னய்யா வேலை உனக்கு? வெளியே போ!" என்று கத்திவிட்டேன். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவரை ஒருமையில் பேசிவிட்டேன். அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த செவ்வாய் வரவில்லை. புதனும் வரவில்லை. அந்த வாரம் பூராவும் கடை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாரம் கழித்து அவர் தலை தெரிந்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தில் புத்தி வேலை செய்யவில்லை. அவர் போனை எடுக்குமுன் நானே ஆரம்பித்தேன்.

"பிஸ்டன் ரிங்தானே? போன்ல எவ்வளவு?"

"நூத்தி எண்பது."

"நூத்தி எண்பதே குடுங்க. இனிமே உங்களுக்குப் போன்ல என்ன விலையோ அதான் இங்கேயும்."

எனக்கு அது விழுந்தது இருநூற்றைந்து. இருபத்தைந்து கைநஷ்டம். போகட்டும், ஆளைப் பிடித்து வைத்தாயிற்று என்று நினைத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நிஜமாவா முதலாளி?" என்றார். "சந்தோஷம்" என்றார். பணத்தைக் கொடுத்தார், போனார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்டூலில் உட்காரவே இல்லை. முப்பது வருடம் இந்தத் தொழிலில் குப்பை கொட்டியிருக்கிறேன், விலையைக் குறைத்து ஒரு வாடிக்கையாளரை இழந்தது அன்றைக்குத்தான்.

ஆறு வாரம் ஆயிற்று. வரவில்லை. முதல் இரண்டு வாரம் கோபப்பட்டேன். மூன்றாவது வாரம் பயம் பிடித்துக்கொண்டது. தனியாக இருக்கிற மனிதர், குளியலறையில் வழுக்கி விழுந்தால் யாருக்குத் தெரியும்? கதவைத் தட்டத்தான் யார் இருக்கிறார்கள்? விழித்துக்கொண்டே படுத்திருந்தபோது இதையேதான் திரும்பத் திரும்ப நினைத்தேன். ஒருநாள் காலை பதினோரு மணிக்கு ஷட்டரை இழுத்துப் பூட்டினேன். பில் புத்தகத்தில் அவர் விலாசம் இருந்தது. எப்போதோ அவர் கேட்டு என்னிடம் இல்லாமல் போன பம்ப் கேஸ்கட் ஒன்று புதிதாக வந்திருந்தது. போவதற்குச் சாக்கு வேண்டுமே என்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

தெருமுனையிலேயே அந்த வீட்டுச் சத்தம் கேட்டது. வாசலில் என் செருப்பைக் கழற்றிவிட இடமில்லை, அத்தனை செருப்புகள் கிடந்தன. உள்ளே யாரோ யாரையோ குளிக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். முன்னறையில் செய்தித்தாளை விரித்து ஒரு ஜெனரேட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு டிரைவர் உட்கார்ந்திருந்தார். முதுகில் ஒரு பேத்தி தொங்கிக்கொண்டிருந்தாள். பித்தான்களை யார் பிய்க்கிறார்கள் என்று தெரிந்தது.

"அட, முதலாளி! வாங்க வாங்க." பேத்தியை இறக்கிவிட்டு எழுந்தார். உள்ளே பார்த்து, "இந்தா, யார் வந்திருக்கா பாரு" என்றார்.

அவர் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "கடைக்கார அண்ணனா? உக்காருங்கண்ணே. டீ போடறேன்."

"ரொம்ப நாளாக் காணோமே, உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு..." என்று இழுத்தேன்.

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்றார் டிரைவர். "இப்பல்லாம் மருமகன் போன்லயே எல்லாத்தையும் வரவெச்சுடறார்." ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் பிரித்த அட்டைப் பெட்டிகள் நாலைந்து கிடந்தன. என் கண் அங்கே போனதைப் பார்த்து அவற்றைக் காலால் ஒதுக்கினார்.

டீயோடு வந்த அவர் மனைவி எதிரில் உட்கார்ந்துகொண்டார். "முன்னாடியெல்லாம் போன்ல வாங்க நான் விடமாட்டேண்ணே. அந்த மனுஷன் கடையில ஒத்தையா உக்காந்திருக்கார்னு இவர்தான் வந்து சொல்வார். நூறு இருநூறு கூடப் போனாப் போகுது, அவர்கிட்டயே வாங்குங்க, நாலு வார்த்தை பேசிட்டு வாங்கன்னு வாராவாரம் துரத்துவேன்."

"நீ சும்மா இரேன்" என்றார் டிரைவர்.

"இதுல என்ன இருக்கு? அன்னைக்கு அண்ணன் தானாவே விலையைக் குறைச்சுட்டார்னு இவர் வந்து சொன்னப்பதான் எங்களுக்கு நிம்மதியா இருந்துச்சு. சரி, கடை தேறிடுச்சு, இனிமே நம்ம தயவு வேணாம்னு நினைச்சோம்."

டீ கொதித்தது, அப்படியே விழுங்கினேன். கார்புரேட்டரில் இருநூற்று முப்பது, பில்டரில் அறுபது, பிளக்கில் நாற்பது. என் சாமர்த்தியத்தில் வந்த லாபம் என்று நினைத்துக் கல்லாவில் போட்ட காசு. பேச ஆளில்லாதவர் என்று நான் இரக்கப்பட்ட மனிதர், என் அரைமணி நேரத்துக்கு வாராவாரம் காசு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவமானத்தில் காது சுட்டது. டம்ளரைத் தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது. எறியவில்லை, டீ நன்றாக இருந்தது என்று சொன்னேன்.

கேஸ்கட்டை எடுத்து டிரைவர் கையில் கொடுத்தேன். "எவ்வளவு?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "இருக்கட்டும்" என்று எழுந்துகொண்டேன். என் செருப்பு எங்கோ அடியில் போய்விட்டது. நாங்கள் இரண்டு பேரும் குனிந்து தேடினோம்.

அவர் மனைவி வாசல்வரை வந்தார். வழியனுப்பும்போது எல்லோரும் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"வியாபாரமெல்லாம் நல்லாப் போகுதில்லண்ணே?"

இதற்குக் கடைக்காரன் சொல்லும் பதில் ஒன்றுதான். 'உங்க புண்ணியத்துல நல்லாப் போகுது' என்று சொல்லிவிட்டு மானத்தோடு நடையைக் கட்டியிருக்கலாம். அது நாக்கு நுனிவரைக்கும் வந்தது. சொல்லிவிட்டால் இந்த வீட்டுக்காரர்கள் என்னைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பார்கள், டிரைவரும் இனி என் கடைப் படி ஏறமாட்டார்.

"இல்லம்மா," என்றேன். "ஒருத்தரும் வர்றதில்லை."